கணக்கைக் காட்டச் சொன்னவர்கள்

எங்கள் பகுதிப் படிப்பகத்துக்கு மாலையில் வந்து உட்காரும் பிள்ளைகளில் ஒருத்தி பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். போன செமஸ்டரில் மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங் பேப்பரில் அரியர் விழுந்துவிட்டது. இரண்டு நாள் புத்தகத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தவள், மூன்றாம் நாள் கேட்டாள்: "அண்ணே, நான் சமூகவியல் எடுத்திருக்கலாம். அதுலயாவது நம்ம கதை கொஞ்சம் இருக்கும். இந்தப் பேப்பர்ல நமக்கு என்ன இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது வரலாறு. தேய்மானம் என்றால் செருப்புத் தேய்வது என்ற அளவில்தான் என் கணக்கியல் அறிவு. அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் வைத்துப் படித்தேன். அதைத் தொடர்ந்து வேறு சில புத்தகங்களையும் தேடிப் படித்தேன். அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வணிகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். படிக்காதவர்களும் சேர்ந்து வாசிக்கலாம். பெரிய கணக்கு எதுவும் போடப்போவதில்லை.

முதலில் இந்தப் பாடம் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு நிறுவனம் வருட முடிவில் இலாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் போடுகிறது. அது வங்கிக்கும் வருமான வரித்துறைக்கும் பங்குதாரருக்கும் காட்டுவதற்கு. மேலாண்மைக் கணக்கியல் அப்படியல்ல. ஒரு பொருளை உண்டாக்க என்ன அடக்கம் ஆகிறது, ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு செய்ய வேண்டும், எந்தப் பிரிவை மூடலாம், எந்த வேலையை வெளியே கான்ட்ராக்டில் விடலாம் என்று முதலாளியும் மேலாளரும் தங்களுக்குள் முடிவெடுக்க வைத்துக்கொள்ளும் கணக்கு அது. அதை வெளியாருக்குக் காட்டவேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இந்த வேறுபாட்டை அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு மதிப்பெண் கேள்விக்காக. இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இது காட்டப்படாத கணக்கு.

அதே அத்தியாயத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. இங்கிலாந்தில் தொழிற்புரட்சி வந்தது, அமெரிக்காவில் இரயில்பாதைகளும் எஃகு ஆலைகளும் வந்தன, ஃபிரெடரிக் டெய்லர் கடிகாரத்தை வைத்து வேலையை அளந்தார், அடக்கவிலைக் கணக்கியல் வளர்ந்தது. அவ்வளவுதான். பொய் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் நிறைய.

தொழிற்புரட்சிக் கதையில் வழக்கமாக வரும் ஆள் ஜோசையா வெட்ஜ்வுட். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் பீங்கான் சாமான் செய்த பெரிய முதலாளி. 1772ல் வியாபாரம் படுத்தபோது, தன் ஒவ்வொரு பூச்சாடிக்கும் உண்மையில் என்ன அடக்கம் ஆகிறது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தார். மண், விறகு, கூலி, வாடகை, குமாஸ்தா சம்பளம் என்று பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. பத்துச் சாடி செய்தாலும் நூறு சாடி செய்தாலும் சில செலவுகள் மாறுவதே இல்லை. நம் பிள்ளைகள் இன்று நிலைச் செலவு, மாறும் செலவு என்று படிக்கும் பாடத்தை அவர் அப்போதே கண்டுகொண்டார். தலைமைக் குமாஸ்தா பணத்தைக் கையாடியதும் அந்தக் கணக்கில்தான் பிடிபட்டது. இதே வெட்ஜ்வுட்தான் 1787ல் அடிமை வணிகத்துக்கு எதிரான புகழ்பெற்ற பதக்கத்தைச் செய்து கொடுத்தவர். விலங்கிட்ட கறுப்பர் ஒருவர் மண்டியிட்டு, நானும் மனிதன் இல்லையா என்று கேட்கும் பதக்கம். அடக்கவிலைக் கணக்கின் முன்னோடியும் அடிமைமுறை எதிர்ப்பாளரும் ஒரே ஆள்.

அந்தப் பதக்கத்தில் மண்டியிட்டிருக்கும் மனிதரைப் பற்றியும் அதே காலத்தில் யாரோ கணக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். அது பாடப்புத்தகத்தில் இல்லை.

ஜமைக்காவிலும் பார்படோசிலும் கரும்புத் தோட்டம் வைத்திருந்த முதலாளிகளில் பலர் இங்கிலாந்தில் குடியிருந்தவர்கள். கடல் தாண்டி இருக்கும் சொத்தை நிர்வகிக்க அவர்களுக்குத் தாள் தேவைப்பட்டது. தோட்டத்தில் இருந்த மேலாளர்கள் ஆண்டுதோறும் பட்டியல் எழுதிக் கப்பலில் அனுப்பினார்கள். அடிமைகளின் பெயர், வயது, வேலை, உடல்நிலை, மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். பிறப்பு வந்தால் கூட்டல், சாவு வந்தால் கழித்தல். மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் அதே பட்டியல், அதே கூட்டல் கழித்தல். வயதானவர்கள் பெயருக்கு நேரே மதிப்பு பூஜ்யம் என்று எழுதியிருப்பார்கள். ஒரு கிழவியின் பெயரும் அதற்கு எதிரே ஒரு சுழியும். அந்தப் பட்டியல்கள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.

அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு வந்தால் இது இன்னும் நவீனமாகிறது. மிசிசிப்பியில் குடியேறிய தாமஸ் அஃப்லெக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1840களின் பிற்பகுதியில் தோட்டக் கணக்குப் புத்தகம் ஒன்றை அச்சடித்து விற்கத் தொடங்கினார். கோடு போட்டு, தலைப்பு அச்சிட்டு, நிரப்புவது ஒன்றே வேலை என்று தயாராக இருக்கும் புத்தகம். நாற்பது பேர் வேலை செய்யும் தோட்டத்துக்கு ஒன்று, எண்பது பேருக்கு ஒன்று, நூற்றிருபது பேருக்கு ஒன்று என்று அளவு வாரியாகக் கிடைத்தது. பருத்திக்குத் தனி, கரும்புக்குத் தனி. ஒவ்வொரு அடிமையும் தினமும் பறித்த பருத்தியின் எடையை எழுத ஒரு படிவம். வருடத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் என்ன மதிப்பு, வருடக் கடைசியில் என்ன மதிப்பு என்று எழுத இன்னொரு படிவம். கூடியிருந்தால் வரவு, குறைந்திருந்தால் நட்டம்.

அந்த இரண்டாவது படிவத்தைப் படித்தபோதுதான் தேய்மானம் என்ற சொல் எனக்குப் புரிந்தது. இயந்திரம் வாங்கினால் வருடாவருடம் அதன் மதிப்பு குறையும், அதைச் செலவாக எழுத வேண்டும் என்று தங்கச்சியின் புத்தகம் சொல்கிறது. அஃப்லெக்கின் புத்தகத்தில் தேய்ந்தது மனித உடம்பு.

'டுவெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் சாலமன் நார்த்தப் 1853ல் வெளியிட்ட தன்வரலாறு. நியூயார்க்கில் சுதந்திர மனிதராக இருந்தவரை 1841ல் கடத்திக்கொண்டு போய் விற்றார்கள். லூசியானா தோட்டங்களில் கிடந்தார். ஸ்டாண்டர்டு எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். புதிதாக வந்தவரை முதல் நாள் சவுக்கால் அடித்து, முடிந்தவரை வேகமாகப் பறிக்கவைப்பார்கள். இரவில் எடை போடுவார்கள். அந்த எடைதான் இனி அவருடைய தினசரி அளவு. குறைந்தால் சவுக்கு. சராசரியாக ஒரு நாளைக்கு 200 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 90 கிலோ. பாட்சி என்ற பெண் 500 பவுண்டு பறிப்பார். ஒரு நாள் கூடுதலாகப் பறித்துவிட்டாலும் ஆபத்துதான், மறுநாள் அதுவே அளவாகிவிடும். ஆகவே இருட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்குப் போகும்போது, குறைந்தாலும் பயம், கூடினாலும் பயம்.

ஸ்டாண்டர்டு காஸ்டிங் என்று பாடப்புத்தகம் சொல்வது இதன் எலும்புக்கூடுதான். எவ்வளவு ஆகவேண்டும் என்று முன்கூட்டியே ஓர் அளவு வைக்கிறோம். உண்மையில் ஆனது வேறாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி வேரியன்ஸ். சாதகமானது, பாதகமானது என்று இரண்டு வகை. பாதகமான வேரியன்ஸ் வந்தால் காரணம் கண்டு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று புத்தகம் முடித்துக்கொள்கிறது.

தென் மாநிலத் தோட்டக்காரர்கள் ஆட்களை 'கை' என்ற அலகால் எண்ணினார்கள். நல்ல வயதில் இருக்கும் திடமான ஆள் முழுக் கை. சிறுபிள்ளை கால் கை. வளர்ந்து வரும் பையன், கர்ப்பிணி, தளர்ந்தவர்கள் அரைக் கை, முக்கால் கை. தோட்டத்தில் அறுபது பேர் இருந்தாலும் கணக்கில் நாற்பது கை இருக்கலாம். ஒரு கைக்கு எத்தனை மூட்டைப் பருத்தி என்று வகுத்து, பக்கத்துத் தோட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் கிராமங்களில் முழு ஆள் கூலி, அரை ஆள் கூலி என்ற பேச்சு இன்னும் காதில் விழுகிறதுதானே? அதுவும் இதே வகை எண்ணிக்கைதான். இங்கே அதை யாரும் அச்சடித்த படிவத்தில் எழுதவில்லை என்பதுதான் வேறுபாடு.

இந்த விவரங்களை எல்லாம் தொகுத்துக் காட்டியவர் கெய்ட்லின் ரோசென்தால் என்ற வரலாற்றாசிரியர். 'அக்கவுண்டிங் ஃபார் ஸ்லேவரி' என்ற அவருடைய புத்தகம் 2018ல் வந்தது. அதற்கு முன் 2003ல் பில் குக் என்ற பேராசிரியர், மேலாண்மைப் படிப்பு அடிமைமுறையை எப்படித் தன் வரலாற்றிலிருந்து துடைத்துப்போட்டது என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் விரல் நீட்டியது முக்கியமாக ஆல்ஃபிரட் சாண்ட்லர் பக்கம். நவீன மேலாண்மை பிறந்த கதைக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது சாண்ட்லரின் 'தி விசிபிள் ஹேண்ட்'. 1977ல் வந்து புலிட்சர் பரிசு வாங்கிய புத்தகம். அதில் தோட்டங்கள் பழைய கால மிச்சமாக ஓரத்தில் வந்து போகின்றன. இரயில்பாதைதான் நாயகன்.

இங்கே தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கணக்கியலே அடிமைமுறையில்தான் பிறந்தது என்று பதாகை எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். ரோசென்தாலே அப்படிச் சொல்லவில்லை. வெட்ஜ்வுட் தன் கணக்கைத் தோட்டக்காரரிடம் கற்கவில்லை. இரட்டைப் பதிவு முறை இத்தாலிய வணிகர்களுடையது, அதற்கும் முந்தையது. ரோசென்தால் சொல்வது வேறு, என் பார்வையில் அது இன்னும் கனமானது. நியூ இங்கிலாந்து நூற்பாலைகளில் பிடிக்காத தொழிலாளி வேலையை விட்டுப் போய்விடலாம். தோட்டத்தில் அப்படிப் போக முடியாது. போனால் நாய்களை விட்டுத் துரத்துவார்கள். ஆட்கள் மாறாமல் இருந்ததால்தான் ஒரு ஆளின் உழைப்பை நாள்தோறும் அளந்து, வருடக்கணக்கில் ஒப்பிட்டு, சோதனை செய்து பார்க்கத் தோட்டக்காரரால் முடிந்தது. அதிகாரம் முழுமையாக இருந்த இடத்தில் கணக்கும் துல்லியமாக இருந்தது. நேரான வாரிசு இல்லை என்றாலும் ஆங்காங்கே இரத்த உறவு தெரியத்தான் செய்கிறது. புராஜெக்ட் பாடத்தில் காண்ட் சார்ட் வரைகிறீர்களே, அந்த ஹென்றி காண்ட் 1861ல் மேரிலாந்தில் அடிமைகள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வேலையளவு வைத்து, முடித்தால் போனஸ் தரும் முறையை ஆலைகளுக்குக் கொண்டுவந்தவர். அவர் எடுத்தாண்ட 'டாஸ்க்' என்ற சொல் தோட்டங்களில் அடிமைகளுக்கு அளந்து கொடுத்த நாள்வேலைக்கு வழங்கிவந்த சொல்தான்.

1865ல் அடிமைமுறை ஒழிந்தது. கணக்குப் புத்தகம் என்ன ஆனது? கொஞ்ச காலம் குழம்பிப்போனது. விடுதலை பெற்றவர்கள் கூலி பேசினார்கள், பிடிக்காவிட்டால் கிளம்பிப் போனார்கள், பெண்கள் வயலுக்கு வர மறுத்தார்கள். பழைய கட்டங்களை நிரப்ப முடியவில்லை. பிறகு தோட்டக்காரர்கள் வேறு வழி கண்டார்கள். நிலத்தைத் துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டு, விளைச்சலில் பங்கு என்றார்கள். விதை, கோவேறு கழுதை, மாவு, துணி எல்லாம் முதலாளி கடையில் கடன். பருத்தியை அவரே விற்பார், விலையை அவரே சொல்வார், கடைக்கணக்கையும் அவரே எழுதுவார். வருடக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் நாளில், இந்த வருடமும் நீதான் எனக்குத் தரவேண்டும் என்பார். எதிர்த்துக் கேட்க, என்ன கொடுத்தோம் என்ன வாங்கினோம் என்ற தாள் கையில் இருக்கவேண்டும். அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதே பல மாநிலங்களில் சட்டப்படி குற்றமாக இருந்தது. அதற்கு என்ன பயன் என்று இந்த நாளில்தான் தெரியும்.

1919ல் பருத்தி விலை உச்சத்தில் இருந்தது. ஆர்கன்சா மாநிலம் ஃபிலிப்ஸ் கவுண்டியில், இலேன் என்ற ஊரைச் சுற்றியிருந்த கறுப்புக் குத்தகையாளர்கள் சங்கம் அமைத்தார்கள். முற்போக்கு விவசாயிகள், குடும்பத்தார் சங்கம் என்று பெயர். ஒரு வக்கீலையும் அமர்த்தினார்கள். அவர்கள் நிலம் கேட்கவில்லை. விற்ற பருத்திக்கு என்ன விலை வந்தது, கடையில் எங்கள் பேரில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று இனவாரியாகப் பிரித்துக் காட்டும் கணக்குச் சீட்டைக் கேட்டார்கள்.

செப்டம்பர் 30 இரவு ஹூப் ஸ்பர் என்ற இடத்தில் ஒரு தேவாலயத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே துப்பாக்கிச் சண்டை மூண்டது. வெள்ளையர் ஒருவர் செத்தார். மறுநாள் முதல் சுற்று வட்டாரத்து வெள்ளையர் கும்பல்களும், பிறகு வந்த இராணுவமும் சேர்ந்து வேட்டையாடின. வெள்ளையர் தரப்பில் இறந்தவர்கள் 5 பேர். கறுப்பர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான எண்ணிக்கையே இல்லை. நூறு என்பார்கள், இருநூறுக்கும் மேல் என்பார்கள். பருத்தியைப் பவுண்டு பவுண்டாக எழுதிவைத்த ஊர் அது.

வழக்குப் போட்டது கறுப்பர்கள் மேல். சில நிமிட விசாரணைகளில் 12 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். அவர்களைச் சிறையில் பார்க்கச் சிகாகோவிலிருந்து ஐடா பி. வெல்ஸ் வந்தார். மிசிசிப்பியில் அடிமைகளின் மகளாக 1862ல் பிறந்த பத்திரிகையாளர். கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற நிகழ்வுகளைப் பெயர், இடம், குற்றச்சாட்டு என்று அட்டவணையாகத் தொகுத்து 1895லேயே புத்தகம் போட்டவர். கைதிகளின் உறவுக்காரப் பெண்போல உள்ளே போய், கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். 1920ல் அவர் வெளியிட்ட சிறு நூலில் கொடுமைகளை மட்டும் எழுதவில்லை. இன்னார் இத்தனை ஏக்கர் பருத்தி போட்டிருந்தார், இத்தனை ஏக்கர் சோளம், சந்தை விலைப்படி இவ்வளவு, அது இப்போது யார் கையில் போயிற்று என்று ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டார். சங்கம் கேட்டும் கிடைக்காத கணக்குச் சீட்டை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன். 1923ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மூர் எதிர் டெம்ப்சி வழக்கில், கும்பல் மிரட்டலின் கீழ் நடந்த விசாரணை விசாரணையே அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. பன்னிரண்டு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இலேன் பற்றிப் படிக்கும்போது எனக்குக் கீழ்வெண்மணி நினைவுக்கு வராமல் இல்லை. 1968 டிசம்பர் 25. கூலி நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்த நம் மக்கள் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அங்கே நடந்ததும் நெல்லை அளக்கும் படி யார் கையில் என்ற சண்டைதான்.

நம் முன்னோர் இந்த மாதிரிப் புத்தகங்களில் பெயராக இருந்ததும் உண்டு. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை 1833ல் ஒழித்தபோது இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். வாங்கியவர்கள் முதலாளிகள். அடிமைகளுக்கு ஒரு பென்னிகூட இல்லை. அதற்குப் பிறகு தோட்டங்களுக்கு ஆள் தேடிய கண்கள் தமிழ் மாவட்டங்களின் பக்கம் திரும்பின. இலங்கை மலைநாட்டுக்கு முதலில் காப்பிக்கும், 1870களுக்குப் பின் தேயிலைக்கும் கங்காணிகள் கூட்டிப்போன கூட்டத்தில் பெரும் பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர்.

புறப்படும்போதே முன்பணம் கங்காணி பெயரில் எழுதப்படும். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அதில் ஏறும். தோட்டத்தில் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, செக்ரோலில் பேர் போடுவார்கள். அங்கே ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்' என்பதுதான். கொழுந்து அளவு குறைந்தால் 'அரைப் பேர்', பாதிக் கூலி. மிசிசிப்பியின் அரைக் கையும் மலைநாட்டின் அரைப் பேரும் ஒன்றல்ல. முன்னது ஆளுக்குப் போட்ட மதிப்பு, பின்னது நாளுக்குப் போட்டது. ஆனால் ஒரு பெண் காலையிலிருந்து மலையில் ஏறி இறங்கிப் பறித்துவிட்டு, மாலையில் தராசு முன் நின்று தன் பெயரில் பாதியை இழந்து திரும்புவாள் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

கடன் தீராமல் தோட்டத்தை விட்டு வெளியேற முடியாது. வேறு தோட்டத்துக்குப் போக, துரை ஒரு சீட்டு எழுதித் தருவார்: இந்தக் கங்காணியின் ஆட்கள் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று. அதன் பெயர் துண்டு. ஆங்கில ஆவணங்களிலும் அதே தமிழ்ச் சொல்தான். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அழியாது, கை மாறும், கூடவே வளரும். மனிதர்களை விற்கவில்லை, அவர்கள் பேரில் எழுதிய கணக்கைத்தான் விற்றார்கள் என்று துரைமார் சொல்லிக்கொள்ளலாம். 1921ல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலைத் தோட்டங்களில் இதே கதையை டாக்டர் பி.எச். டேனியல் 1969ல் நாவலாக எழுதினார். 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் மொழிபெயர்த்திருக்கிறார். 'பரதேசி' படத்துக்குக் கருவானது அதுதான். வருடம் முழுக்க உழைத்துவிட்டு கணக்கு முடிக்கும் நாளில் கடனோடு திரும்பும் இடத்தை அதில் படித்துப் பாருங்கள். ஆர்கன்சாவின் கணக்குத் தீர்க்கும் நாள் அப்படியே இருக்கும்.

தோட்டம் போகாமல் ஊரில் இருந்தவர்களுக்கும் கணக்கு எட்டவில்லை. ஊர்க் கணக்கு கர்ணத்திடம் இருந்தது. அப்பனுக்குப் பின் மகன் என்று வந்த பதவி. 1980ல் ஒழிக்கும்வரை எந்த நிலம் யாருடையது என்று எழுதும் பேனா பெரும்பாலும் ஒரு சில சாதிகளின் கையில் இருந்தது. வெட்டியானும் தலையாரியும் அந்தப் பேரேட்டை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்திருப்பார்கள், திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி அண்ணல். அவர் பொருளாதாரம் படித்ததும், 1918ல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்ததும், 1923ல் ரூபாயின் சிக்கல் பற்றி நூல் வெளியிட்டதும் எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்று சொல்கிறேன். வக்கீல் தொழிலில் வருமானம் போதாமல் இருந்த காலத்தில், 1925 ஜூன் முதல் 1928 மார்ச் வரை, பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேர விரிவுரையாளராக இருந்து வணிகச் சட்டம் நடத்தினார். மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியது 1927 மார்ச் 20. மனுஸ்மிருதியைக் கொளுத்தியது அதே ஆண்டு டிசம்பர் 25. அந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே அவர் கணக்காளர் ஆகப்போகிற மாணவர்களுக்கு ஒப்பந்தச் சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னபோதுதான் தங்கச்சி முதல் முறையாகப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவள் அரியர் வைத்த தேர்வில் பெரிய கணக்காக வந்தது 'செய்வதா, வாங்குவதா'. ஒரு பாகத்தை நாமே தயாரித்தால் என்ன அடக்கம், வெளியே வாங்கினால் என்ன விலை, எது மலிவு என்று பார்க்கும் கணக்கு. இதில் ஒரு விதி உண்டு. முடிவினால் மாறக்கூடிய செலவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும், மற்றதை விட்டுவிட வேண்டும். நகராட்சிகளும் மாநகராட்சிகளும் தூய்மைப் பணியைக் கான்ட்ராக்டுக்கு விடும்போது போடுவது இந்தக் கணக்கைத்தான். 2025 ஆகஸ்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தது இந்தக் கணக்கின் விடைக்கு எதிராகத்தான். நிரந்தரப் பணி, ஓய்வூதியம், விடுப்பு எல்லாம் ஒரு பக்கம், ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்ற ஒற்றைத் தொகை மறுபக்கம். இரண்டாவது மலிவு என்று விடை வரும். வராமல் எப்படி இருக்கும்? அந்தத் தொகையில் எதெதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மலக்குழிச் சாவுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்ட்ராக்டரின் அடக்கவிலையில் சாவுக்கு ஒரு வரி கிடையாது. 2014 மார்ச் 27ல் சஃபாயி கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்சநீதிமன்றம், 1993 முதல் மலக்குழியில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் தரவேண்டும் என்றது. 2023 அக்டோபர் 20ல் அதை 30 லட்சம் ஆக்கியது. ஓர் உயிருக்குத் தொகை எழுதுவது எனக்குப் பிடித்தமான காரியம் அல்ல. ஜமைக்காப் பட்டியலைப் பார்த்த பிறகு இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கிழவியின் பெயருக்கு எதிரே இருந்த சுழியையும் இதையும் ஒன்றாக வைக்க முடியாது. அது முதலாளி தனக்காக எழுதிக்கொண்டது. இது இயக்கம் வழக்காடி, முதலாளியின் செலவுப் பக்கத்தில் எழுதவைத்தது. இயந்திரம் வாங்குவதைவிட ஆளை இறக்குவது மலிவு என்று வரும் விடையை மாற்ற, இந்த ஒரு வரி எழுதப்படவேண்டும். பல இடங்களில் இன்னும் எழுதப்படவில்லை, கொடுக்கப்படவும் இல்லை.

தங்கச்சியின் அம்மா பக்கத்து நகராட்சி ஒன்றில் கான்ட்ராக்ட் தூய்மைப் பணியாளர். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தாள். புத்தகத்தில் உள்ள அடக்கவிலைத் தாள் மாதிரியில் கோடு போட்டாள். நேரடிக் கூலி, பி.எஃப், இ.எஸ்.ஐ, சீருடை, கையுறை, மேற்செலவு, கான்ட்ராக்டரின் இலாபம். பி.எஃப் பிடித்ததாகச் சீட்டில் இருந்தது, போனில் பார்த்தால் கணக்கில் ஏறியிருக்கவில்லை. கையுறைக்குப் பிடித்திருந்தார்கள், கையுறை கொடுக்கவே இல்லை என்றார் அம்மா. நகராட்சி ஆள் ஒன்றுக்குக் கான்ட்ராக்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அது தெரிந்தால்தான் மற்றதைக் கழிக்க முடியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் வில்லை ஒட்டி, திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பினோம். கேட்டிருப்பது ஒப்பந்த நகலும், ஆள் ஒன்றுக்கான தொகையை இனவாரியாகப் பிரித்துக் காட்டும் தாளும். பதில் சொல்ல அவர்களுக்கு முப்பது நாள். அவளுடைய அரியர் தேர்வு நவம்பரில்.